தொட்டியாகக் கிடந்த படகு

9 பிப்ரவரி 2006, வியாழன். புதுச்சேரி

இரண்டு படகுகளையும் துடைத்தேன். முதலாவதற்கு மீன் எண்ணெய், இரண்டாவதற்கு முந்திரிக்கொட்டை எண்ணெய். எது நல்லது என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமாகத் தெரியாது. அதனால்தான் ஆளுக்கொன்று. தெரியாததையும் ஒழுங்காகச் செய்துகொண்டு போவது என் வழக்கம்.

காலையில் பால்காரர் முத்துவேல் வந்தபோது கொட்டகைக் கதவு திறந்திருந்தது. எப்போதும் சாத்தியே வைப்பேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டார்.

"என்னா சார், வூட்டுக்குள்ள படகு?"

சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் துரைமார்கள் ஊசுட்டேரிக்கு வாத்து சுடப் போவார்கள், அதற்கென்றே செய்தது இது என்றேன். தட்டையான அடி. ஒரு முழம்கூட இல்லாத விளிம்பு. கோரைக்குள் நிறுத்திவிட்டால் வாத்துக்கே தெரியாது. முன்பலகையில் இருக்கும் இந்தப் பள்ளம் துப்பாக்கிக் குழலைச் சாய்க்க. கல்லூரி வகுப்பில்கூட நான் இப்படித் தொடர்ந்து பேசியதில்லை.

அவர் பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்தார். "இதே மாரி ஒண்ணு எங்கூட்ல கெடக்குது சார். மாட்டுக்குத் தொட்டி."

அப்புறம் இன்று வேறு வேலை ஓடவில்லை.

12 பிப்ரவரி, ஞாயிறு

ஊசுட்டேரிக் கரையில் முத்துவேல் வீடு. போகலாமா வேண்டாமா என்று வில்லியனூர் சாலையில் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினேன்.

உண்மைதான். கொட்டிலின் முன்னால் கல் முட்டுக் கொடுத்து நிற்கிறது. விளிம்பு வரை கழுநீர். நான்கு மாடுகள் வரிசையாக வாய் வைத்திருந்தன. முன்பலகைப் பள்ளத்தில் யாரோ கயிறு கட்டியிருந்தார்கள்.

"மாடு அவளுது. அவளத்தான் கேக்கணும்" என்று முத்துவேல் ஒதுங்கிக்கொண்டார். அவர் மனைவி அஞ்சலாட்சி சாணிக் கூடையை இறக்கிவைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இதையா கேக்கறீங்க? எடுத்துகினு போய் என்னா பண்ணுவீங்க?"

"வச்சிப்பேம்மா."

"வச்சிகினு?"

"பாத்துப்பேன்."

"இங்கயும் பாத்துகினுதான சார் இருக்கறோம். மாடாச்சும் குடிக்குது. உங்கூட்ல அதுவும் கெடையாது."

"சாருக்கு ஒரு ஆச. குடுத்துடேன்" என்றார் முத்துவேல்.

"ஆச அவருக்கு. தாகம் எம் மாட்டுக்கு."

பிறகு அஞ்சலாட்சியே ஒரு வழி சொன்னார். இதே நீளத்தில் சிமெண்ட் தொட்டி கட்டித் தர வேண்டும். நான்கு மாடும் ஒரே நேரத்தில் வாய் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றை ஒன்று முட்டிக்கொள்ளும். உடனே சரி என்றேன். இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை என்று தோன்றியது. இன்னும் ஏதாவது கேட்டிருக்கலாமோ என்று நினைத்திருப்பார்.

19 பிப்ரவரி, ஞாயிறு

சென்னைக்குப் போன் செய்தேன். என் மனைவி சந்திரகலா, மகளின் பிரசவத்துக்கென்று போன வருஷம் அங்கே போனவள். பேரன் அபி பிறந்தான், தவழ்ந்தான், இப்போது சுவரைப் பிடித்து நிற்கிறானாம். அவள் திரும்பி வருவதைப் பற்றி அவளும் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை. நான் அங்கே போவதைப் பற்றி அவள் கேட்கிறாள். படகுகளைக் காரணம் சொல்கிறேன்.

மூன்றாவது படகைச் சொன்னதும், "இன்னொண்ணா?" என்றாள். மாட்டுத் தொட்டி என்றதும் சிரித்துவிட்டாள். வெகுநாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. அதற்குள் குழந்தை அழுதது. போனை வைத்துவிட்டாள்.

2 மார்ச், வியாழன்

அஞ்சலாட்சிக்குச் சிமெண்ட் தொட்டி கட்டி முடிந்தது; படகு டயர் வண்டியில் வந்து இறங்கியது. அடுத்த வீட்டு தேவதாஸ் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி, "முசியே ஹரி! தொட்டி வந்துடுச்சி, மாடு எப்ப வருது?" என்றார். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்கும் சொல்தா, அதாவது பழைய சிப்பாய்; ஐயா என்பதற்கு முசியே என்பார். அவர் குரலுக்கு நான் எப்போதும் வீட்டுக்குள் போய்விடுவேன். இன்று போகவில்லை. வண்டியிலிருந்து இறக்க அவரும் கை கொடுத்தார்.

5 மார்ச், ஞாயிறு

தவிடும் கழுநீரும் சேர்ந்து உறைந்த படலத்தை மூங்கில் சிம்பால் சுரண்டினேன். இரும்பு வைக்கவில்லை. அடியில் இலுப்பைப் பலகை. இணைப்புகளில் திணித்த தேங்காய் நாரும் குங்கிலியமும் அப்படியே இருக்கின்றன. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் நகம் நுழையவில்லை.

என்னுடைய மற்ற இரண்டிலும் இணைப்புகள் விரல் நுழையும் அளவு விலகியிருக்கின்றன. இத்தனை வருஷமாக அதை வயது என்று நினைத்திருந்தேன். இதுவும் அதே வயதுதான். மாடுகள் அப்படி என்ன செய்தன?

அதை அப்புறம் யோசிக்கலாம். ஊறிப்போயிருக்கிறது, முதலில் காயவிட வேண்டும் என்றுதான் பட்டது. மின்விசிறியைக் கொட்டகைக்கு மாற்றினேன்.

17 மார்ச், வெள்ளி

மூன்றாவது நன்றாகக் காய்கிறது. அதற்கும் முந்திரி எண்ணெய் பூசிவிட்டேன்.

18 ஏப்ரல், செவ்வாய்

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கொட்டகையில் சத்தம். மட்டை முறிகிற மாதிரி. பூனை என்று நினைத்தேன். இன்னொன்று.

அடிப்பலகையில் ஒரு முழ நீளத்துக்கு வெடிப்பு. நார் பிதுங்கித் தொங்குகிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது சத்தம் — கண் முன்னாலேயே விரிந்தது.

என்ன பண்ணிட்டேன். என்ன பண்ணிட்டேன் நான்.

மரம் உலர்ந்தால் சுருங்கும். குறுக்கே அதிகம், நெடுக்கே குறைவு. வேகமாக உலர்ந்தால் வெடிக்கும். இதைக் கரும்பலகையில் படம் போட்டு வருஷா வருஷம் சொல்லிக்கொடுத்தவன். தாவரவியல் துறையில் வேறு யாருக்கும் மர உடற்கூறில் அக்கறை இல்லாததால் என் தலையில் கட்டிய பாடம். அதை விரும்பித்தான் எடுத்தேன். ஆனால் பழைய பொருள் என்றால் உலர வை, துடை, எண்ணெய் பூசு என்று கை தானாகப் போகிறது. ஓலைச்சுவடிக்குச் செய்வதைப் படகுக்குச் செய்திருக்கிறேன்.

மாடுகள் அதை நனைத்து வைத்திருந்தன. வேறொன்றும் செய்யவில்லை.

குடம் குடமாக ஊற்றினேன். ஊற்ற ஊற்ற ஒழுகுகிறது. கொட்டகை முழுக்கச் சேறு.

11 மே, வியாழன்

மூன்றிலும் தண்ணீர் நிற்கிறது. முதலில் ஈரச் சாக்கு, பிறகு ஒரு சாண் தண்ணீர், பிறகு முக்கால் அளவு. அவசரப்படவில்லை. மூன்றாவதின் வெடிப்பு முழுதும் மூடாது, ஆனால் இணைப்புகள் சேர்ந்துவிட்டன. முதல் படகில் நான் பார்த்தே இராத இறுக்கம் வந்திருக்கிறது.

காலையில் கொட்டகைக்குள் போனால் மூன்று தண்ணீர்ப் பரப்புகள் அசையாமல் இருக்கின்றன. ஓட்டின் ஓட்டை வழியாக வரும் வெயில் ஒவ்வொன்றிலும் விழுகிறது. நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. யார் இருக்கிறார்கள்?

14 மே, ஞாயிறு

அபிக்கு முதல் பிறந்தநாள். போகவில்லை. தினமும் தண்ணீர் விட ஆள் இல்லை என்றேன்.

"முத்துவேலக் கேக்கலாமே. டெய்லி வராரு இல்ல?" என்றாள் சந்திரகலா.

அவருக்கு எதற்குச் சிரமம் என்றேன்.

"படகுக்குத் தாகம் எடுக்கும்னு கவலப்படறீங்க. நல்லது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் —

மகள் தேவிப்பிரியா ஒரு வார்த்தை பேசினாள். கேக் வெட்டும் சத்தம் கேட்டது. கை தட்டினார்கள். நானும் போனைப் பிடித்தபடி நின்றேன். அங்கே போனை வைக்க எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

20 ஜூலை, வியாழன்

தெருவில் பலருக்கு ஜுரம். மூட்டுக்கு மூட்டு வலியாம், எழுந்து நிற்க முடியவில்லையாம். சிக்குன்குனியா என்கிறார்கள்.

8 ஆகஸ்ட், செவ்வாய்

"சார், உள்ள வரலாமா? மலேரியா ஆபீஸ்."

கலைவாணி என்று பெயர் சொன்னார். கையில் டார்ச், வெள்ளைக் கரண்டி. வீடு வீடாகத் தேங்கிய தண்ணீரைத் தேடி வருகிறார்கள். தோட்டத்துப் பூந்தொட்டிகளைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார். கொட்டகைப் பக்கம் போக வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அவரே திறந்தார்.

டார்ச்சை மூன்றின் மேலும் அடித்தார். பிறகு, "என்னா சார் இது? படகுதான தண்ணிக்குள்ள இருக்கணும். இங்க தண்ணி படகுக்குள்ள இருக்குது!" என்றார். சிரித்தார். நானும் சிரித்தேன். அதன் பிறகு கரண்டியை விட்டு மொண்டு என் முகத்துக்கு நேராக நீட்டினார். புழுக்கள் நெளிந்தன.

"பாத்தீங்களா? கொத்துக் கொத்தா."

மரத்துக்கு ஈரம் வேண்டும் என்று விளக்கப் பார்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். மீன் விட்டால் புழுவைத் தின்றுவிடும், நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றார். நல்ல பெண்.

10 ஆகஸ்ட், வியாழன்

நேற்று விட்ட மீன்கள் இன்று காலை எல்லாம் மல்லாந்து மிதக்கின்றன. மரத்தில் ஊறிய எண்ணெய்தான். நான் பூசியது.

கலைவாணி உதட்டைப் பிதுக்கினார். "அப்ப கொட்டிட வேண்டியதுதான் சார். தெருவுல எத்தன பேரு படுத்துகினு இருக்காங்க, தெரியுமில்ல?"

கொட்டிவிடுகிறேன் என்றேன்.

முதல் இரண்டையும் கொட்டினேன். மூன்றாவதைக் கொட்டவில்லை. தார்ப்பாய் போட்டுச் சுற்றிலும் செங்கல் வைத்து மூடியிருக்கிறேன். கொசு நுழைய இடமில்லை. இருக்காது என்று நினைக்கிறேன்.

23 ஆகஸ்ட், புதன்

தேவதாஸ் படுத்துவிட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் முனகல் கேட்கிறது. தெருவிலேயே உரக்கப் பேசும் மனிதர்.

தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு மூலையில் எலி கடித்த ஓட்டை. உள்ளே நெளிகின்றன.

24 ஆகஸ்ட், வியாழன்

கொட்டிவிட்டேன்.

அவருக்கு இங்கிருந்துதான் வந்ததா? தெருக் குழாயடியில் எத்தனை குடம், எத்தனை டயர். எதிலிருந்து என்று யார் சொல்ல முடியும்? இப்படி எழுதும்போதே தெரிகிறது, நான் வாதாடுகிறேன். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றவில்லை. அதில் சந்தேகம் ஒன்றும் இல்லையே.

6 செப்டம்பர், புதன்

மூன்று முறை தேவதாஸ் வாசல்வரை போய்த் திரும்பினேன். இன்று போய்விட்டேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். விரல்கள் மடங்கவில்லை. சொல்லிவிட்டேன், தார்ப்பாய், எலி, எல்லாம்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு அந்தப் பழைய குரல்.

"கொசுவுக்கு நஷனாலித்தே பாக்க முடியுமா முசியே? உங்கூட்டுக் கொசுவா, எங்கூட்டுக் கொசுவா, எவன் சொல்றது? பிரெஞ்சு பாஸ்போர்ட்டா வச்சிருக்குது?"

சிரித்ததில் தோள் வலித்து, "ஆ" என்று பிடித்துக்கொண்டார். அவர் மனைவி காபி கொடுத்தார். நான் கிளம்பும்போது மட்டும் தேவதாஸ் சிரிக்காமல், "ஆனா இனிமே அந்தத் தண்ணி வேணாம்" என்றார்.

வேண்டாம். சரி. ஆனால் தண்ணீர் இல்லாமல் மூன்றும் மறுபடி விலகத் தொடங்கிவிட்டன. இரண்டாவதில் ஒரு பலகை ஆணியோடு எழும்பி நிற்கிறது. இன்னொரு வெயில் காலம் தாங்காது.

10 செப்டம்பர், ஞாயிறு

வீட்டில் தண்ணீர் வைக்கக் கூடாது. தண்ணீர் இல்லாமல் வைக்க முடியாது. இந்த இரண்டையும் எழுதிவிட்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் தோன்றியது. காற்றுப் படாத சேற்றில் மரம் மக்குவதில்லை. பூஞ்சைக்குக் காற்று வேண்டும். இதுவும் நான் சொல்லிக்கொடுத்ததுதான். முழுக அடித்துவிட்டால்? கல் ஏற்றி, குளத்தின் அடியில்?

ஆனால் அது சேகரிப்பா? யாரும் பார்க்க முடியாத இடத்தில் போட்டுவிட்டு என்னிடம் மூன்று படகு இருக்கிறது என்று சொல்லலாமா? சரி, இப்போது மட்டும் யார் பார்க்கிறார்கள்?

17 செப்டம்பர், ஞாயிறு

முத்துவேல் நிலத்தை ஒட்டி ஒரு குட்டை இருக்கிறது. கோடையிலும் வற்றாதாம். கேட்கப் போனேன்.

அஞ்சலாட்சி நம்பவில்லை. "முழுக்கப் போறீங்களா? தேய்ச்சி, கழுவி, எண்ண போட்டு வச்சத?"

"ஆமாம்மா."

"இதுக்கு எம் மாடே வச்சிருந்திருக்குமே சார்."

தலையாட்டினேன். அவர் விடவில்லை.

"குட்டையில மாடு எறங்கும். கால்ல குத்துச்சின்னா?"

மாடு போகாத வடக்கு மூலையில் போடலாம் என்றார் முத்துவேல். அஞ்சலாட்சி அதற்கும் யோசித்தார். "எப்ப எடுப்பீங்க?"

"தெரியலம்மா."

"உங்களுக்கு அப்புறம் யாரு வந்து கேப்பாங்க?"

சாதாரணமாகத்தான் கேட்டார், ரேஷன் கடையில் அடுத்தது யார் என்று கேட்பது போல. மகளுக்கு இதில் ஆர்வம் இல்லை என்று சொல்ல நினைத்து, "யாரும் இல்ல" என்றேன்.

அவர் கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, ஓரமா கெடக்கட்டும். தின்னவா போவுது."

8 அக்டோபர், ஞாயிறு

இன்று மூழ்கடித்தோம்.

முதல் இரண்டும் கரையிலிருந்து தள்ளியதுமே தண்ணீர் வாங்கி இறங்கிவிட்டன. முத்துவேல் இடுப்பளவு நீரில் நின்று கற்களை வைத்தார். மூன்றாவது மட்டும் மிதந்தது. வெடிப்பு வழியாக மெதுவாகத்தான் தண்ணீர் ஏறியது. "சார், நீங்க உக்காருங்க, எடைக்கு. கல்லு எடுத்தாறேன்" என்று சொல்லிவிட்டுக் கரைக்குப் போனார்.

எனக்கு நீச்சல் தெரியாது. இத்தனை வருஷத்தில் இவற்றில் ஒன்றிலும் நான் தண்ணீரின் மேல் உட்கார்ந்ததில்லை. ஏறினேன். காலை நீட்டி, முன்பலகைக்குப் பின்னால், துரை உட்கார்ந்திருக்கும் இடத்தில். கண் மட்டத்துக்குக் கீழே ஒரு முழத்தில் தண்ணீர். கோரைக்கு அந்தப் பக்கம் நான்கைந்து புள்ளிமூக்கு வாத்துகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவை என்னைப் பார்த்ததாகவே தெரியவில்லை. ஒன்று என் பக்கமாகவே நீந்தி வந்து, கழுத்தை வளைத்து இறகைக் கோதிவிட்டுப் போனது.

படகு தன் வேலையைச் சரியாகச் செய்தது. எனக்கு அழுகை வந்தது. ஏன் என்று நேர்த்தியாக எழுத முடியவில்லை. இருக்கிறேனா இல்லையா என்று ஒரு உயிருக்கும் தெரியாமல் இருப்பது இவ்வளவு சுலபமாக இருக்கிறது.

வேட்டி நனைந்தது. தண்ணீர் மடிவரை வந்தபோது முத்துவேல் கல்லோடு வந்து என்னைப் பிடித்து இறக்கினார்.

16 நவம்பர், வியாழன்

மழை. கொட்டகையில் ஒன்றும் இல்லை. தரையில் மூன்று நீளத் தடங்கள்.

19 நவம்பர், ஞாயிறு

எல்லாவற்றையும் சந்திரகலாவிடம் சொன்னேன். முழுவதும் கேட்டாள்.

"அப்ப இப்ப நீங்க என்ன பண்றீங்க?"

"ஒண்ணும் பண்ணல."

"இனிமே என்ன சொல்லுவீங்க?" என்றாள். எதைக் கேட்கிறாள் என்று தெரிந்தது. வாயைத் திறந்தேன். வழக்கமாகச் சொல்லும் காரணம் இல்லை. குட்டையின் அடியில் இருக்கிறது. பயமாக இருக்கிறது என்று சொன்னேன். அங்கே உங்கள் எல்லோருக்கும் நடுவில் எங்கே உட்காருவது என்று எனக்குத் தெரியவில்லை என்றேன்.

"நாற்காலியிலதான்" என்றாள்.

10 டிசம்பர், ஞாயிறு. சென்னை, வில்லிவாக்கம்

வந்துவிட்டேன். அபி என்னைக் கண்டு அழுதான்.

18 ஜனவரி 2007, வியாழன்

இங்கே எல்லோருக்கும் வேலை இருக்கிறது. நான் பால்கனியில் இருக்கிறேன். சந்திரகலா குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே, "ஏங்க, வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி ஓரமாவே நிக்கறீங்க" என்றாள். நகர்ந்து நின்றேன். அதுவும் ஓரம்தான்.

அபி இப்போது அழுவதில்லை. பழகிவிட்டான், மேசைக்குப் பழகுவது போல.

20 ஏப்ரல், வெள்ளி

முத்துவேல் போன். இந்த வருஷம் குட்டை ரொம்பவும் இறங்கிவிட்டதாம். மூன்றாவதின் முன்பலகை வெளியே தெரிகிறது. கன்றுக்குட்டி அதன் மேல் ஏறி நிற்கிறதாம். வெயிலில் காய்ந்தால் போய்விடும், ஆழத்துக்குத் தள்ள வேண்டும்.

"ஒரு நாள் போய்ட்டு வரட்டுமா?" என்று சந்திரகலாவிடம் கேட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நானும் வரேன். அப்படி என்னதான் அதுன்னு ஒரு தடவ பாத்துடறேன்."

22 ஏப்ரல், ஞாயிறு. புதுச்சேரி

விடிகாலைப் பஸ். ஊசுட்டேரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. முத்துவேல் பால் போட்டுவிட்டு இன்னும் வரவில்லை. அஞ்சலாட்சி உறவுக்காரர் வளைகாப்புக்குப் போயிருந்தார். குட்டையில் நாங்கள் இரண்டு பேர்தான். கன்றுக்குட்டி எங்களைப் பார்த்ததும் இறங்கிப் போனது.

சந்திரகலா கரையில் நின்று பார்த்தாள். "இவ்ளோ சின்னதா? நான் என்னவோ பெருசா நெனச்சிட்டிருந்தேன்."

இதே மாதிரி இரண்டு அவள் வீட்டுக் கொட்டகையிலேயே இத்தனை வருஷம் இருந்தன. மூடிய கதவுக்குப் பின்னால் இருந்தன. நான்தான் மூடிவைத்தேன்.

"இதுல எத்தன பேரு போலாம்?"

"ஒருத்தர்தான்."

அவள் என்னைப் பார்த்தாள். "அதான்" என்றாள்.

முத்துவேல் வரட்டும் என்று சொன்னேன். அவர் வருவதற்குள் காய்ந்துவிடாதா என்று கேட்டாள். செருப்பைக் கழற்றினாள். புடவையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கிவிட்டாள். வேண்டாம், வழுக்கும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் முழங்கால் வரை நின்றாள்.

"மொதல்ல என்ன பண்ணணும்? சும்மா நிக்காதீங்க, சொல்லுங்க."

முதலில் கல்லை எடுக்க வேண்டும் என்றேன். அவள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக எடுத்தோம். பாதிக் கல் குறைந்ததும் அடியிலிருந்து படகு ஒரு விரல்கடை எழும்பியது.

"ஐயய்யோ, தானா எழும்புதுங்க!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இருவருமாக ஆழத்துக்குத் தள்ளினோம். அங்கே போனதும் மறுபடி கற்களை வைத்தோம். கடைசிக் கல்லை அவள் வைத்தாள்.

சென்னை பஸ் நாளைக்கு. இங்கே எங்கள் வீட்டைத் திறந்து பெருக்கியிருக்கிறாள்.